தெக்லா படகின் கக்கூஸ் பம்ப்

“பத்து வருஷமா மன்னிக்கேன்மா. மறுபடி மறுபடி கோவம் மேல வருது” என்றார் நெல்லையப்பன்.

தெக்லா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“யார?”

“எந் தம்பி காந்திமதிநாதன. வருஷா வருஷம் அம்மா திவசத்துல எல்லார் முன்னாலயும் என்னைய அசிங்கமாப் பேசுதான். இலை போடுறதுக்குள்ள சண்ட. இந்த வருஷமும் இப்படின்னா இனி ஓன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டான். வர்ற வெள்ளிக்கிழமை திவசம். எனக்குன்னு இருக்கது அவன் ஒருத்தன்தான்.”

நெல்லையப்பன் முப்பது வருஷம் கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். தெக்லா அவரைவிட இருபது வயது இளையவள். தூத்துக்குடியில் ஒரு பழைய படகில் பயணிகளைத் தீவுகளுக்கு ஏற்றிப் போகிறவள். அவள் யாருக்கும் உபதேசம் செய்ததாகத் தகவல் இல்லை. ஆனால் கேள்வியோடு அவளிடம் போனவர்கள், அதே கேள்வியோடு இரண்டாம் தடவை வந்ததில்லை.

“கக்கூஸ் பம்ப் மக்கர் பண்ணுது சார். அதப் பாருங்க” என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குருவின் சோதனை என்று எடுத்துக்கொண்டார். படித்தவர்களுக்கு எல்லாமே சோதனைதான். வேலை என்று ஒன்று அவர்கள் கண்ணில் படவே படாது.

அலமாரி அளவுக்கு ஓர் அறை. ஒரு கிண்ணம். பக்கத்தில் கைப்பம்ப். பிடியை மேலும் கீழும் அடித்தால் கடல் தண்ணீர் உள்ளே வர வேண்டும், அழுக்கு வெளியே போக வேண்டும்.

போனது. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை வாஷரை மாற்றினார். திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை, அழுக்கு திரும்பாமல் தடுக்கிற ரப்பர் வால்வை மாற்றினார். தலைகீழாக மாட்டிவிட்டார். பிடியை ஓங்கி அழுத்தினார். பம்பின் கழுத்து வழியாக முகத்தில் பீறிட்டது.

“வேலில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்லா இருக்கு!” என்று கத்தினார். “இது உபதேசமா தண்டனையா?”

“மூஞ்சியக் கழுவுங்க சார்” என்றாள் தெக்லா.

புதன்கிழமை வால்வை நேராக மாட்டினார். திரும்பி வந்தது.

கிண்ணத்தை உதைத்தார். பத்து வருஷக் கோபத்தில் தம்பியைக்கூட அவர் உதைத்ததில்லை. கால் கட்டைவிரல் வீங்கிப்போயிற்று.

“ஓங்க படகு, ஓங்க பம்ப். நீங்களே கட்டி அழுங்க! நாளக் கழிச்சுத் திவசம். நான் கேட்டதுக்கு ஒரு வார்த்த பதில் சொன்னியளா?”

“பம்ப எத்தன தடவ அடிச்சிய?” என்றாள்.

“அத எதுக்கு எண்ணணும்? கிண்ணம் சுத்தமாகுற வரைக்கும். நாலு தடவ.”

“கிண்ணத்துலருந்து கடலு எவ்வளவு தூரம்?”

அவருக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக அங்கேயே குந்தியிருந்தும் தெரியவில்லை.

“பாத்துட்டு வாங்க. மொதல்ல படகடியில இருக்க கடல் வால்வ மூடுங்க. இல்லன்னா படகு முங்கிரும்.”

மூடினார். அழுக்கு வெளியே போகிற ஹோஸைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்தார். அது பலகைக்குப் பின்னால் போயிற்று. படுக்கைக்கு அடியில் நுழைந்தது. மேலே ஏறி, வளைந்து, இறங்கி, அப்புறம்தான் கடலுக்குப் போயிற்று. எட்டு முழம்.

கழற்றிப் பார்த்தார். இரண்டு விரல் நுழைய வேண்டிய ஹோஸில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. உள்ளே சுண்ணாம்பு மாதிரி கெட்டிப்பட்டிருந்தது.

“யார் செஞ்ச வேலை இது?”

“ஏறுன எல்லாரும்தான். கிண்ணம் வெளுத்ததும் எந்திரிச்சுப் போயிருதாக. மிச்சம் ஹோஸுக்குள்ளயே தங்கிருது.”

வியாழக்கிழமை காலையில் படகுத்துறைக் கல்லில் போட்டு ஹோஸைத் துணி துவைப்பதுபோல அடித்தார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. முதல் அடி ஹோஸுக்கு விழுந்தது. மற்றதெல்லாம் யாருக்கு விழுந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. உதிர உதிர இன்னும் உதிர்ந்தது.

மாட்டினார். கடல் வால்வைத் திறந்தார். பிடியை அடித்தார்.

நாலாவது தடவையில் கிண்ணம் வெளுத்தது. கை தானாக நின்றது.

தெக்லா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நகரவில்லை.

இருபது தடவை அடித்தார். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. அரைமணி நேரம் காத்திருந்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை.

“பம்ப் சரியாயிட்டும்மா. எங் கேள்வி அப்படியே நிக்கே?”

“தம்பி சண்டைய எப்படி ஆரம்பிப்பாரு?”

“அம்மா சீக்காக் கெடந்தப்ப நீ எங்க போனன்னு ஆரம்பிப்பான். நான் வளத்த மாட்டேன். சரி விடு, ஒன்னைய மன்னிச்சிட்டேன்னு சொல்லிருவேன். அதோட வாய மூடிக்கிடுவான்.”

தெக்லா அவரையே பார்த்தாள்.  பிறகு கையைத் துடைத்துக்கொண்டு இஞ்சினைப் பார்க்கப் போய்விட்டாள்.

நெல்லையப்பனுக்கு அவள்மேல் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. படகுத்துறையில் போய் உட்கார்ந்தார். மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு போனை எடுத்தார்.

“காந்தி, அண்ணன் பேசுதேன்.”

“நாளைக்கு வரச் சொல்லத்தான? அம்மா பதினோரு மாசம் படுக்கையில கெடந்தா. நீ எத்தன நாள் வந்து பாத்த? அதச் சொல்லு மொதல்ல.”

‘சரி விடு’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழகிய நாக்கு.

“மூணு நாள்” என்றார் நெல்லையப்பன்.

 இந்தப் பத்து வருஷத்தில் அண்ணன் அதை ஒரு தடவைகூடத் தன் வாயால் சொன்னதில்லை.

பிறகு தம்பி பேச ஆரம்பித்தான். கத்தினான். படுக்கைப் புண்ணைச் சொன்னான். கடைசி வாரம் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்ததைச் சொன்னான்.  நெல்லையப்பனுக்குப் போனைத் தூக்கி எறிந்துவிடலாம்போல இருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

தம்பிக்கு மூச்சு வாங்கியது.

“அவ்வளவுதான்” என்றான்.

“இல்லடா, இன்னும் இருக்கும்” என்றார் நெல்லையப்பன். “சொல்லு.”