மொச்சையின் செப்புத் தகடு

முன்னொரு காலத்தில் உத்தமசேனர் என்று ஒரு ராஜா இருந்தார். நாட்டின் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வரக்கூடும், ஆகவே அதை விட்டுவிடுவோம். ராஜா நல்லவர்தான். ஆனால் மற்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பிதற்றல் வரும், அவருக்குக் கட்டளை வரும். அதற்கு முத்திரையும் விழுந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் நான்கு நாள் காய்ச்சலாகப் படுத்திருந்தார். அவருடைய வேட்டை நாய் கட்டிலில் ஏறிக் காலடியில் சுருண்டுகொண்டது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. வேளை தவறாமல் கஷாயம் குடித்ததை மறந்துவிட்டு, நாயால்தான் பிழைத்தேன் என்று சொல்லிவிட்டார். அரண்மனை வைத்தியசாலையில் இனிமேல் ஆறுதல் நாய்கள் இருக்க வேண்டும், அவற்றின் கழுத்தில் செப்புத் தகடு கட்ட வேண்டும், தினம் ஒரு படி பால்சோறு போட வேண்டும் என்று அன்றே கட்டளை போட்டார்.

அந்தக் கஷாயத்தைக் காய்ச்சியவர் ராஜவைத்தியர் சிங்காரப் பண்டிதர். அவருக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் நாய்களும் தன் அதிகாரத்தில்தானே வருகின்றன என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அரண்மனைக் கொட்டிலிலிருந்து மூன்று உயர்ந்த ஜாதி நாய்களைக் கொண்டுவந்தார். நில் என்றால் நிற்கும், உட்கார் என்றால் உட்காரும். மூன்றும் கட்டில்களுக்கு நடுவே விறைத்து நின்று நோயாளிகளை முறைத்தன. நோயாளிகள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள்.

மூலைக் கட்டிலில் கோட்டைமுத்து என்ற யானைப்பாகன் கிடந்தான். ஆற்று வெள்ளம் அவனுடைய யானையை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவனை மட்டும் கால் ஒடிந்த நிலையில் கரையில் கண்டெடுத்தார்கள். ஒடிந்த கால் கூடிவந்தது. ஆனால் ஒன்பது நாளாக அவன் வாய் திறக்கவில்லை, பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. மனைவி சீனியம்மாள் கஞ்சியை எடுத்து வாயருகே கொண்டுபோனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். எப்படியோ உதட்டை நனைத்து உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். இப்படியே போனால் இன்னும் நான்கு நாள்கூடத் தாங்காது என்று பண்டிதரே சொல்லிவிட்டார்.

சபையில் விகடம் சொல்லிப் பிழைக்கும் ஆவுடையப்பன் கோட்டைமுத்துவின் தெருக்காரன். பத்தாம் நாள் அவனைப் பார்க்கப் போனான். பின்னாலேயே ஆவுடையப்பன் வீட்டு நாய் மொச்சையும் போய்விட்டது. மொச்சைக்கு ஜாதியும் கிடையாது, லட்சணமும் கிடையாது. ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். அது நேராகப் போய் கோட்டைமுத்துவின் உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அவன் விரல்கள் அசைந்தன. யானையின் காதுக்குப் பின்னால் சொறிகிற பழக்கத்தில் நாயின் காதுக்குப் பின்னால் சொறிய ஆரம்பித்தான். அன்றைக்கு அரைக் குவளை கஞ்சி உள்ளே போயிற்று. சீனியம்மாள் வாசலுக்கு வந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதன்பின் தினமும் மொச்சை வந்தது. ஊரெல்லாம் அதே பேச்சாகிவிட்டது. பண்டிதருக்குச் சோறு இறங்கவில்லை. நேரே ராஜாவிடம் போய், கண்ட வீட்டு நாயெல்லாம் வைத்தியசாலைக்குள் வந்தால் அரசாங்க நாய்களுக்கு என்ன மதிப்பு என்று முறையிட்டார். கையோடு ஓர் ஓலையும் எழுதிக் கொண்டுபோயிருந்தார். நாயைத் தடுத்தால் விகடன் தானே வந்து நிற்பான் என்று அவனையும் சேர்த்து மடக்கும்படி எழுதியிருந்தார். ராஜாவுக்கு அன்று ஜலதோஷம். படிக்காமலே முத்திரை வைத்துவிட்டார்.

மொச்சை மூன்று நாள் வாசலோடு தடுக்கப்பட்டது. கோட்டைமுத்து மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான்காம் நாள், ஓலையில் எழுதியபடி, சபையில் ஆறுதல் நாய்களுக்குப் பரீட்சை. முதுகுக்குப் பின்னால் முரசு அடிக்கப்படும், மிரளக்கூடாது. முன்பின் தெரியாதவன் காதைப் பிடித்து இழுப்பான், சீறக்கூடாது. எதிரில் தின்பண்டம் வைக்கப்படும், தொடக்கூடாது. கொட்டில் நாய்கள் மூன்றும் கல்லாக நின்று தேறின. மொச்சை முரசைத் திரும்பிப் பார்த்துக் கொட்டாவி விட்டது. காதை இழுத்த லாயக்காரனின் கையை நக்கியது. பண்டிதர் தானே நெய்யில் வறுத்த கறியைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். மொச்சை மூன்றே வாயில் தின்று முடித்துவிட்டு, பண்டிதரைப் பார்த்து வாலை ஆட்டியது.

சபை சிரித்தது. ராஜா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கட்டளை என்றால் கட்டளைதான், மொச்சை தேறவில்லை என்றார்.

ஆவுடையப்பன் எழுந்து வணங்கினான். அவன் கொண்டுவரும் பதிலுக்காகச் சீனியம்மாள் அரண்மனை வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.

"தீர்ப்பு நியாயமானது மகாராஜா. மற்றவர்களுடைய பரீட்சையையும் இப்போதே முடித்துவிட உத்தரவாக வேண்டும்."

"மற்றவர்களா? யார் அவர்கள்?"

ஓலையைப் படிக்கச் சொல்லும்படி வேண்டினான். அரண்மனை ஓலைகளை எழுதும் ராயசக்காரர் படித்தார்: "நோயாளி அருகே ஆறுதலாகப் போகிற எவரும், நாயானாலும் மனிதரானாலும், மன்னர் முன்னிலையில் மேற்படிப் பரீட்சையில் தேறிச் செப்புத் தகடு அணிந்தே போகக் கடவர்."

"பண்டிதர் தினமும் நோயாளிகளிடம் போகிறார். அவர் கழுத்தில் தகட்டைக் காணோமே" என்றான் ஆவுடையப்பன்.

பண்டிதர் பதறிப்போய், தான் கொடுப்பது மருந்து, ஆறுதல் அல்ல என்றார். ராஜா புருவத்தைத் தூக்கினார். தன் சொல்லே பாதி மருந்து என்று போன வாரம்தான் பண்டிதர் சபையில் பெருமை அடித்திருந்தார். வேறு வழியில்லாமல் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

முரசு அடித்ததும் ஒரு முழம் எழும்பி விழுந்தார். லாயக்காரன் தயங்கித் தயங்கிக் காதைத் தொட்டான்.

"எட்டிப் போடா. யார் காதைத் தொடுகிறாய் தெரியுமா?" என்று சீறினார் பண்டிதர்.

மூன்றாவது பரீட்சைக்கு ஒரு தட்டு அதிரசம் தயாராக இருந்தது. பண்டிதர் அதைத் தொடவில்லை, அவருடைய கோபம் தொடவிடவில்லை. அதற்குள் ஆவுடையப்பன் இன்னொன்றும் சொன்னான். வெள்ளிக்கிழமைதோறும் மகாராஜாவும் வைத்தியசாலைக்குப் போய் நோயாளிகளை விசாரிக்கிறார், ஓலையில் அவருக்கும் விலக்கு எழுதவில்லை என்றான்.

 ராஜா பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் நிறைய அதிரசம் இருந்தது. தட்டு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"நானும் தேறவில்லை. மொச்சையாவது இரண்டில் தேறியது. இனி யாரைத்தான் அனுப்புவது?"

"நோயாளியைக் கேட்கலாம் மகாராஜா. இதுவரை அவரை யாரும் கேட்கவில்லை."

எல்லோரும் வைத்தியசாலைக்குப் புறப்பட்டார்கள். முதலில் கொட்டில் நாய்கள் மூலைக் கட்டிலருகே போய் நின்றன. கோட்டைமுத்து திரும்பவில்லை. பண்டிதர் குனிந்து, சீக்கிரம் குணமாகிவிடும் என்றார். அவன் திரும்பவில்லை. பிறகு மொச்சை போயிற்று. கட்டிலிலிருந்து தொங்கிய கையின் கீழ் தாடையைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

விரல்கள் காதைத் தேடின. கோட்டைமுத்து மெல்லப் புரண்டு படுத்து, நாயின் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாளில் முதல்முறையாகப் பேசினான்.

"மூணு நாளா எங்கடா போன? நீயும் போயிட்டேன்னு நெனச்சேன்."

பிறகு அழுதான். யானை போன நாளில் அழாததையும் சேர்த்து அழுதான். சீனியம்மாள் கஞ்சியோடு ஓடிவந்தாள். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் குனிந்து குவளையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றே ராஜா தன் கையால் மொச்சைக்குச் செப்புத் தகடு கட்டினார். மறுநாள் காலை வைத்தியசாலை வாசலில் நாற்பது வீட்டுக்காரர்கள் நாற்பது நாய்களோடு நின்றார்கள். அதில் பதினெட்டு ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. பண்டிதரின் பரீட்சையிலும் நியாயம் இருக்கிறது என்று ஆவுடையப்பனே ஒப்புக்கொண்டான். முரசும் காதும் அப்படியே இருக்கட்டும், நோயாளியின் கஞ்சியில் வாய் வைக்காதபடி நாய்க்கு வயிறாரச் சோறு போட்டு அழைத்துவர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளி வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்று திருத்தி எழுதினார்கள். நாற்பதில் மூன்று தேறின.

அடுத்த வெள்ளிக்கிழமை ராஜா வைத்தியசாலைக்கு வந்தார். வாசற்படியில் நின்று, கிரீடத்தைக் கழற்றிக் காவலனிடம் கொடுத்தார். வயிறாரச் சாப்பிட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் பக்கம் தலையைச் சாய்த்தார். ஆவுடையப்பன் அங்குமிங்கும் பார்த்துவிட்டு ராஜாவின் காதைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான்.

ராஜா சீறவில்லை. வைத்தியசாலையே அதிரும்படி சிரித்தார். தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து ஆவுடையப்பனுக்குப் போர்த்தி, விரலிலிருந்த மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார். உள்ளே மூலைக் கட்டிலில் மொச்சை சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தாடையைத் திரும்பவும் அதே உள்ளங்கையில் வைத்துக்கொண்டது.