ராணியை அளந்த ராஜா

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்த ஊருக்குத் தாழையூர் என்று பேர், அந்தத் தாழையூரை ஒரு ராஜா ஆண்டு வந்தாராம். எந்தக் காலத்தில் என்று கேட்காதீர்கள். ம் மட்டும் கொட்டுங்கள்.

அந்த ராஜாவுக்கு எதையும் அளந்தால்தான் நம்பிக்கை வரும். பூசணிக்காய் வந்தால் நூல் போட்டு அளப்பார், யானை வந்தால் ஏணி போட்டு அளப்பார், மழை வந்தால் முற்றத்தில் குடம் வைத்து அளப்பார். ஊர்க்காரர்கள் அவரை முழக்கோல் ராஜா என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாமல். அவருக்குக் கல்யாணம் ஆனபோது, தாலி கட்டின கையோடு மஞ்சள் தடவிய மூன்று நூலை எடுத்தாராம். ஒரு நூலால் பெண்ணின் இடுப்பைச் சுற்றி அளந்தார், ஒரு நூலால் பின்னலைச் சுற்றி அளந்தார், ஒரு நூலால் மணிக்கட்டைச் சுற்றி அளந்தார். பெண் பேர் சொர்ணவல்லி. "சந்தையில மாடு பிடிக்கிற மாதிரி அளக்கிறீங்களே" என்று கேட்டாளாம். ராஜா மூன்று நூலையும் அளவுக்கு அறுத்து ஒரு சந்தனப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை மந்திரியிடம் கொடுத்துவிட்டார்.

அப்புறம் முப்பது வருஷம் போனது. சொர்ணவல்லி ராணிக்கு ஐம்பது வயசு. மாதாமாதம் வருவது ஒரு மாதம் வரவில்லை, அப்புறம் இரண்டு மாதம் கழித்து வந்தது, அப்புறம் ஒரு வருஷமாக வரவே இல்லை. நின்றுவிட்டது. பெண்ணாகப் பிறந்தவர்களுக்கு ஒரு வயசில் அது நிற்கும், அதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. நின்றதும் உடம்பு தன் வேலையைக் காட்டியது. இடுப்பு அகன்றது, பின்னல் மெலிந்தது, தோல் காய்ந்து சுருங்கியது. மோவாயில் இரண்டு முடி முளைத்தது. மார்கழிப் பனியில் ஊரே போர்வைக்குள் நடுங்கும்போது ராணிக்கு மட்டும் நெஞ்சிலிருந்து தீ கிளம்பி முகத்துக்கு ஏறும், வேர்த்து ஊற்றும். சன்னலைத் திறக்கச் சொல்வாள், கொஞ்ச நேரத்தில் குளிருகிறது என்று மூடச் சொல்வாள். அதற்காக அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரவில்லை. மோவாய் முடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வாய்க்கால் தகராறு தீர்த்துவைக்கப் போய்விடுவாள்.

அந்த மந்திரி இருந்தானே, சூரப்பன், அவனுக்கு ஒரு அக்கா மகள். மரகதம் என்று பேர், இருபது வயசு. அவளை ராணியாக்கிவிட்டால் அப்புறம் ஊரே தன் கையில்தான் என்று அவனுக்கு நினைப்பு.

முதல் நாள் ராஜா காதில் போய்ச் சொன்னான்: "மகாராஜா, மார்கழியில யாருக்காவது வேர்க்குமா? பேய்க்குத்தான் உள்ளே தீ எரியும்." ராஜா, "போய்யா" என்றார்.

இரண்டாம் நாள் போய்ச் சொன்னான்: "மகாராஜா, பொம்பளைக்கு மோவாயில முடி முளைக்குமா?" ராஜா, "அப்படியா" என்றார்.

மூன்றாம் நாள் போய்ச் சொன்னான்: "உங்க ராணியைக் கல்யாணமான மாசமே பேய் தூக்கிட்டுப் போயிருச்சு. மரப்பொந்துல ஒளிச்சு வச்சிருக்கு. அரண்மனையில இருக்கிறது அந்தப் பேய்தான். என்னை நம்ப வேண்டாம், நூலை நம்புங்க." ராஜா பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

சபையில் ராணியை நிற்கவைத்து அளந்தார்கள். இடுப்பில் நூல் ஒரு சாண் போதவில்லை. பின்னலில் நூல் இரண்டு சுற்று வந்தது. மணிக்கட்டில் இரண்டு முனையும் தொடவே இல்லை. பேய் என்று தெரிந்தால் அந்த ஊரில் என்ன செய்வார்கள் தெரியுமா? புளியமரத்தில் சாய்த்து, தலைமுடியைச் சேர்த்து ஆணி அடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

"என்னைத் தெரியலையா உங்களுக்கு?" என்று ராணி கேட்டாள்.

ராஜா நூலைத்தான் பார்த்தார். "அளவு சரியில்லையே" என்றார்.

ராணி அழவில்லை. "சரி. அந்த அசல் ராணியை மந்திரி கூட்டிட்டு வரட்டும். அவளையும் அளங்க. அப்புறம் ஆணி அடிக்கலாம்" என்றாள்.

மறுநாள் காலையில் மந்திரி மரகதத்தைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பொந்தைத் தேடிப் பிடித்து மீட்டானாம். அளந்தார்கள். இடுப்பு நூல் கச்சிதம், பின்னல் நூல் கச்சிதம், மணிக்கட்டு நூல் கச்சிதம். பெட்டிச் சாவி யார் மடியில் இருந்தது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஆசாரி ஆணியும் சுத்தியலுமாக வந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க, ஆசாரி" என்று ராணி மூன்று பெண்களைக் கூப்பிட்டாள். "எனக்கு மார்கழியில எரியுது, இடுப்பு பெருத்துப்போச்சு, மோவாயில முடி. உங்களுக்கு எப்படி?"

சமையல்கார இருளாயி சொன்னாள்: "எரியும் தாயி. அடுப்புச் சூடும்பாரு எங்க வீட்டு ஆளு. அடுப்பு அணைஞ்ச பிறகும் எரியுதே."

துணி வெளுக்கிற மாரக்காள் சொன்னாள்: "முன்னாடி சேலைக்கு எட்டுக் கொசுவம் வைப்பேன் மகாராணி. இப்ப அஞ்சுதான் வருது."

மூன்றாவது யார் என்று நினைக்கிறீர்கள்? மந்திரி பெண்சாதி கோமளத்தம்மாள். அவள் சொன்னாள்: "எனக்கு மோவாயில மூணு முடி. உங்களைவிட ஒண்ணு கூட."

சபை சிரித்துவிட்டது. மந்திரி, "நீ வீட்டுக்குப் போ" என்று பல்லைக் கடித்தான். "கூப்பிட்டாங்க, வந்தேன். நீங்க என்னிக்காவது இப்படி மதிச்சுக் கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்களா?" என்றாள் அவள்.

ராணி ராஜா பக்கம் திரும்பினாள். "நாங்க நாலு பேரும் பேயா?"

ராஜா மறுபடியும் நூலைப் பார்த்தார்.

"சரி, இதைச் சொல்லுங்க. ஒரு பேய் ராணி மாதிரி வேஷம் போட்டு உங்களை ஏமாத்த வருது. இடுப்பை ஒரு சாண் பெருக்கிக்கிட்டா வரும், நூல் அளவுக்கு வருமா?"

ராஜா யோசித்தார். "நூல் அளவுக்குத்தான் வரும்."

"முப்பது வருஷம் பொந்துல கிடந்தவளுக்கு ஒரு நரை உண்டா, ஒரு சுருக்கம் உண்டா, பாருங்க. மனுஷ உடம்புன்னா வயசு ஏறும். எனக்கு ஏறிச்சு, உங்களுக்கும் ஏறிச்சு. அவளுக்கு மட்டும் ஏன் ஏறலை?"

சபை முழுக்க மரகதத்தைப் பார்த்தது. ஆசாரி மெதுவாக நகர்ந்துபோய் அவள் பின்னலைப் பிடித்தார். பிடித்த பின்னலில் பாதி கையோடு வந்துவிட்டது. தலையில் நின்றது அவள் முடி, கையோடு வந்தது சவுரி.

"நான் பேய் இல்லீங்க" என்று மரகதம் உட்கார்ந்துவிட்டாள். "எங்க மாமா மூணு மாசமா கஞ்சித்தண்ணிதான் குடுத்தாரு, இடுப்பு நூலுக்குள்ள வரணும்னு. எனக்கு ராணியாக வேண்டாம், ஒரு கை சோறு போடுங்க." இருளாயி அவளைக் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

ராஜா வாளை உருவினார். ராணி தடுத்தாள். "வெட்ட வேண்டாம். மந்திரி சொன்ன வழியிலேயே மந்திரியையும் பார்த்துருவோம். கோமளம், இவர் கல்யாணத்துக்குப் போட்ட சட்டை இருக்கா?"

"பத்திரமா இருக்கு" என்று அவள் ஓடிப்போய் எடுத்துவந்தாள். மாட்டிவிட்டார்கள். ஒரு கை நுழைந்தது, இன்னொரு கை நுழையவில்லை, முதுகு இரண்டாகக் கிழிந்தது, வயிறு வெளியே எட்டிப் பார்த்தது.

"நான்தான் சூரப்பன், மகாராஜா, நான்தான்" என்று மந்திரி கெஞ்சினான்.

"கோமளம், நீ பார்த்துச் சொல்லு" என்றாள் ராணி.

கோமளத்தம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் ஒல்லி. இது யாரோ."

அப்புறம் என்ன, யாரோ ஒருத்தனுக்கு அரண்மனையில் என்ன வேலை? காவலாளிகள் கிழிந்த சட்டையோடு அவனை ஆற்றைத் தாண்டி விட்டுவிட்டு வந்தார்கள்.

கதை இங்கேயே முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ராஜா நூலை எடுத்துக்கொண்டு ராணியிடம் போய், "புதுசா ஒரு தடவை அளந்து வச்சுக்கட்டுமா? இனிமே குழப்பம் வராது" என்று கேட்டாராம்.

ராணி நூலை வாங்கி ஓரமாக வைத்தாள். "கண்ணை மூடிக்கிட்டு என் முகம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

ராஜாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியிற வரைக்கும் தனியாச் சாப்பிடுங்க" என்றாள்.

முதல் நாள் ராஜா தனியாகச் சாப்பிட்டார், இரண்டாம் நாள் தனியாகச் சாப்பிட்டார், எட்டு நாள் தனியாகச் சாப்பிட்டார். ராணி போகும்போதும் வரும்போதும் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஒன்பதாம் நாள் வந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இடது புருவத்துல ஒரு நரை ஓடியிருக்கு. கழுத்துல தோல் மெல்லிசாகி ஒரு நரம்பு தெரியுது. கோபம் வந்தா கன்னத்துல ரெண்டு கோடு விழும், சிரிச்சா மூணு."

"இப்ப எத்தனை?"

"கண்ணை மூடியிருக்கேனே."

"திறந்து பாருங்க."

ராஜா திறந்து பார்த்தார். மூன்று.

ராணி பக்கத்தில் இலை போட்டாள். அன்றையிலிருந்து தாழையூரில் வயசு ஏறின பெண்சாதியின் முகத்தைப் பார்க்கத் தெரியாத ஆளுக்குத் தனி இலைதானாம். ராஜாவும் சாப்பிட்டாச்சு, ராணியும் சாப்பிட்டாச்சு, மரகதம் இரண்டாம் தடவை சோறு வாங்கியாச்சு, நீங்களும் எழுந்து கையை அலம்புங்கள்.