நடுவழியில் நிற்காத வண்டி

தெய்வசிகாமணிக்கு ஐம்பத்து மூன்று வயது. எட்டு மாதமாக எலெக்ட்ரிக் பைக் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூந்தமல்லியிலிருந்து தரமணி ஆபீசுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பழைய பைக்கை விற்றாயிற்று. அவர் ஏறி இறங்காத ஷோரூம் இல்லை. இப்போதெல்லாம் அவர் தலை தெரிந்தாலே விற்பனையாளர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

சனிக்கிழமை மாலைகளில் வடபழனிக்குத் தியானம் கற்கப் போவார். கற்றுத்தருகிற சுகிர்தா அவரைவிடப் பதினேழு வயது இளையவர். எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடினால் தெய்வசிகாமணிக்குள் கிலோமீட்டர் ஓடும். ஒருமுறை சார்ஜ் போட்டால் தொண்ணூறா, நூற்றிருபதா? மழையில் எவ்வளவு? பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு குறையும்?

அன்று வகுப்பு முடிந்தும் அவர் எழவில்லை.

"டீச்சர், உங்ககிட்டயும் எலெக்ட்ரிக் வண்டிதான இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நடுவழியில நிக்காத வண்டி எது?"

சுகிர்தா சாவியை நீட்டினார். "போரூர்ல என் வீடு. உங்களுக்கும் அதே வழிதான? ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்துக்கறேன்."

கீழே வந்து வண்டியை ஆன் செய்தவர் திகைத்தார்.

"நாலு பர்சென்ட்தான் இருக்கு டீச்சர்!"

"தெரியும்."

"போய்ச் சேராது."

"தெரியும் சார். கிளம்புங்க."

ஆற்காடு சாலை நெடுக அவர் எண்ணைத்தான் பார்த்தார். மூன்று. இரண்டு. வளசரவாக்கத்தில் ஒன்று. போரூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி சத்தமே இல்லாமல் நின்றுபோனது.

இறங்கித் தள்ள ஆரம்பித்தார். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பக்கத்தில் சுகிர்தா நடந்து வந்தார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் ஒரு பகலில், சைதாப்பேட்டைப் பாலத்தில், பெட்ரோல் தீர்ந்து அவர் வண்டி நின்றது. பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா இறங்கி, ஆஸ்பத்திரிவரை கூடவே நடந்து வந்தாள். மறுநாள் காலையில் இறந்துபோனாள். நடந்ததால் இல்லை என்றார் டாக்டர். தெய்வசிகாமணி நம்பவில்லை.

"நீங்க நடக்காதீங்க டீச்சர். ஏறி உக்காருங்க, நான் தள்றேன்."

சுகிர்தா பாலத்தின் ஓரச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். "இனிமே ஒரு அடி நான் நடக்கறதா இல்ல சார். நீங்களும் தள்ள வேண்டாம்."

"அப்ப என்னதான் பண்றது?"

வண்டிகள் ஹாரன் அடித்து விலகிப் போயின. தெய்வசிகாமணி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். கடைசியில் கையைத் தூக்கினார்.

இரண்டு பைக்குகள் நிற்காமல் போயின. மூன்றாவது நின்றது. ஓட்டி வந்தவர் சட்டையெல்லாம் பெயின்ட் கறை.

"சார்ஜ் காலியா? ரெண்டு பேரும் ஏறுங்க சார். ஹேண்டில மட்டும் நேரா புடிங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

இவர்கள் வண்டியின் பின்பக்க மிதிக்கட்டையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு தன் வண்டியை முறுக்கினார் அவர். ஏற்றம் முடிந்தது, இறக்கமும் முடிந்தது. சார்ஜ் போடும் இடம் இருந்த பெட்ரோல் பங்க் வாசல் வரும்வரை அந்தக் காலை அவர் எடுக்கவில்லை. நன்றி சொல்லத் திரும்புவதற்குள் ஆள் போய்விட்டிருந்தார்.

வயரைச் செருகிவிட்டு இருவரும் நின்றார்கள். தெய்வசிகாமணி அம்மாவைப் பற்றிச் சொன்னார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அன்னைக்கும் வண்டிங்க போய்க்கிட்டேதான் இருந்துச்சு டீச்சர். நான் ஒருத்தரையும் கூப்பிடல."

சுகிர்தா கைக்குட்டையை நீட்டினார்.

தெய்வசிகாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எந்த வண்டி வாங்கறதுன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே."

"பின்னால வர்றவர் கால் வைக்க இடம் இருக்கான்னு பாருங்க சார். இருந்தா வாங்கிடுங்க."