குடைக்குள் கோழி

உப்பளத்தை ஒட்டிய அந்தத் தொடக்கப்பள்ளிக்கு ஏசுவடியான் மாற்றல் கேட்டு வாங்கி வந்ததற்கு ஒரே காரணம், தலைமை ஆசிரியை முத்துப்பேச்சி. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட வாசித்துவிட்டுத்தான் கசக்கிப் போடும் என்று ஊரில் பேச்சு. அந்த வித்தையைப் பக்கத்தில் இருந்து படித்துக்கொள்ள வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முத்துப்பேச்சிக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. "வாங்க, சிஷ்யப்பிள்ள" என்று மற்ற ஆசிரியர்கள் கேலி செய்தபோது அவர் கோபிக்கவில்லை. பட்டம் கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டார்.

அவருக்கு மூன்றாம் வகுப்பு.

ஒரு நாள் கடைசிப் பாடவேளை தொடங்குமுன் தலைமை ஆசிரியையின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், என் கிளாஸ்ல எல்லாப் பிள்ளையும் வாசிக்கு. ஒருத்தியத் தவிர."

"யாரு?"

"பொன்னிசக்கி. வாயே திறக்க மாட்டேங்கா. திங்கட்கிழமை அவளை ஒண்ணாங்கிளாஸ்ல கொண்டு உக்கார வச்சிரலாம்னு பாக்கேன். நீங்க சரின்னு சொல்லணும்."

"அவகிட்ட சொல்லிட்டியளா?"

"நேத்தே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"அழுதா. அவ தம்பி ஒண்ணாங்கிளாஸ்லதான இருக்கான்."

வாசிக்காத பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் வைக்க நமக்கு ஒரு வாரம் ஆகாது. வாசிக்க வைக்காத வாத்தியாருக்கு என்ன பெயர் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. முத்துப்பேச்சியும் கேட்கவில்லை. எழுந்து நின்றார்.

"மத்த பிள்ளைய வாசிக்கதைக் கேப்போம். வாங்க சார்."

வகுப்புக்கு வந்ததும் ஏசுவடியான் பாடத்தின் முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான், வகுப்பு ராகம் போட்டுக் கிளம்பியது. ஒரு தடங்கல் இல்லை. பக்கம் முடிகிற இடத்தில் அத்தனை கையும் ஒன்றாகத் தாளைத் திருப்பியது. கடைசி வரிசையில் பொன்னிசக்கி மட்டும் புத்தகத்தில் விரலை வைத்தபடி ஊமையாக உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி டீச்சர்?"

"பாட்டு நல்லா இருக்கு."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "பாட்டா? வாசிக்காங்க டீச்சர்!"

"எதை வச்சுச் சொல்லுதிய?"

"காதுலதான் கேக்குதே!"

முத்துப்பேச்சி சாக்பீஸை எடுத்தார். "பிள்ளைகளா, இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சார், நீங்களுந்தான்."

கரும்பலகையில் எழுதினார்:

சார் குடையை விரித்தார். உள்ளே ஒரு கோழி இருந்தது.

வகுப்பு அசையவில்லை. ஒரு கண்ணும் பலகையில் இல்லை. எல்லாம் ஏசுவடியானின் வாயைப் பார்த்துக் காத்திருந்தன. எத்தனையோ வருடமாகப் பாடம் எடுத்த மனிதர், அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தம் உதட்டை நினைத்துக் கூசினார்.

அடுத்த வரி விழுந்தது:

"வெளியே மழை. கதவைச் சாத்துங்க சார்" என்றது கோழி.

கடைசி வரிசையில் 'க்ளுக்'கென்று ஒரு சத்தம்.

"யாருளா அது?" ஏசுவடியான் திரும்பினார்.

பொன்னிசக்கி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு விரலிடுக்கு வழியே பீறிட்டு வந்தது.

"எதுக்கு சிரிக்க?"

"கோழி... சார்..." அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை.

வகுப்பு மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது.

"என்னளா? கோழியா?"

"ஏட்டி, என்ன எழுதிருக்கு? சொல்லுட்டி!"

"மூச்! சொல்லக் கூடாது" என்றார் முத்துப்பேச்சி.

ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டிருக்க மற்றவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா? எந்தப் பிள்ளையால் முடியும்? அந்தோணிதாஸ் என்கிற குண்டுப் பையன் பெஞ்சு மேலேயே ஏறி நின்றுவிட்டான். கண்ணைச் சுருக்கி, எழுத்து எழுத்தாகத் தடவினான். "கு... டை... குடை. ஏல, குடைல! உள்... ளே... உள்ளே..." நெற்றி வேர்த்தது. "கோ... ழி... எலேய்! சாரு குடைக்குள்ள கோழி இருக்குல!"

வகுப்பு வெடித்தது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வித்தியாசம் இல்லாமல் பலகைக்கு முன்னால் முண்டியடித்தார்கள். "தள்ளுளா, எனக்கு மறைக்கு!" "இது 'ம'தான?" "கதவா? குடைக்கு ஏதுல கதவு?" ராகமும் இல்லை, தாளமும் இல்லை. ஆளுக்கொரு வரியில் முட்டி, மோதி, திக்கி, கண்டுபிடித்துக் கத்தினார்கள்.

ஏசுவடியான் அந்த இரைச்சலுக்கு நடுவே பொன்னிசக்கியிடம் போய்க் குனிந்தார்.

"உனக்குத்தான் வாசிக்கத் தெரியுதே. ஏம்மா இத்தன நாளா வாயத் திறக்கல?"

"இவுக பாட்டுக்கு ஓடிருதாவ சார். நான் அந்த வரிக்கு வரதுக்குள்ள பக்கத்தத் திருப்பிருதாவ."

 அவர் அவள் பையை எடுத்துக்கொண்டுபோய் முதல் பெஞ்சில் வைத்தார்.

"ஒண்ணாங்கிளாஸ் சார்?"

"உன் தம்பிய இங்க அனுப்பச் சொல்லி வேணா பாக்கேன். நீ எங்கயும் போகாண்டாம் தாயி."

அவள் சிரித்தாள். இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை.

முத்துப்பேச்சி இன்னொரு வரி எழுதினார்:

மழை விட்டது. கோழி போகவில்லை.

அதை முதலில் வாசித்து முடித்தவள் பொன்னிசக்கி. எல்லாரையும் முந்திக் கை தூக்கினாள். "ஏன் டீச்சர் போகல?"

"ஆமா, ஏன் போகல?" வகுப்பு கேட்டது.

நீண்ட மணி அடித்தது. வீட்டுக்குப் போகிற மணி. பக்கத்து வகுப்புகள் ஹோவென்று கலைந்து ஓடின. மூன்றாம் வகுப்பில் ஒரு பை நகரவில்லை. தரையிலும் பெஞ்சிலும் ஜன்னல் கட்டையிலும் உட்கார்ந்து பலகையையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏசுவடியான் முத்துப்பேச்சியிடம் திரும்பினார். "என் சர்வீஸ்ல பார்த்ததில்ல டீச்சர். மணி அடிச்சும் இதுக ஏன் வீட்டுக்குப் போகல?"

முத்துப்பேச்சி சாக்பீஸை அவர் கையில் வைத்தார்.

"கோழி ஏன் போகல? அதை எழுதுங்க சார்."