பட்டத்துக்கு ருசி பார்த்தவர்

கும்பினிக்காரன் நம்மூரில் கால் ஊன்றிய காலத்தில், காரைமலைச் சீமையைக் கொண்டலப்ப நாயக்கர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். சீமை என்னவோ கையகலம்தான். ஆனால் அவருடைய பட்டங்களைக் கட்டியக்காரன் சொல்லி முடிப்பதற்குள் இலையில் போட்ட சோறு ஆறிப்போகும். யார் எந்தச் சொல்லால் புகழ்ந்தாலும் அதைப் பட்டமாகச் சூடிக்கொள்வது அவர் பழக்கம்.

ஒருநாள் கும்பினித் துரை சபைக்கு வந்தான். அத்தனை பட்டங்களையும் அவனை நிற்கவைத்துக் கேட்கச் செய்தார் ராஜா. பசி தாங்காத துரை, பல்லைக் கடித்துக்கொண்டு "நின்கம்பூப்" என்று முணுமுணுத்துவிட்டுத் தன் கூடாரத்துக்குப் போய்விட்டான்.

"துபாஷியாரே, அது என்ன சொல்?" என்றார் ராஜா.

சபையில் இங்கிலீஷ் தெரிந்தவர் துபாஷி ஆனையப்பர் ஒருவர்தான். இங்கிலீஷில் அதற்கு அடிமுட்டாள் என்று அர்த்தம். உண்மையைச் சொன்னால் ராஜா வாளை உருவுவார், கும்பினியின் பீரங்கி ஊரைத் தரைமட்டமாக்கும். பொய் சொன்னாலோ, என்றைக்காவது குட்டு வெளிப்பட்டால் முதலில் உருளுவது அவர் தலை.

"அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று வெள்ளைக்காரர்களுக்கே தகராறு, மகாராஜா. யாரோ ஒருவன் பேர் திரிந்தது என்பார்கள். லத்தீன் கோர்ட்டு வார்த்தை தேய்ந்தது என்பார்கள்..." என்று இழுத்தார்.

சபை வித்துவான் அகோரமூர்த்திக்கு வாய்த்தது சமயம். ஆனையப்பரின் சரிகைத் தலைப்பாகை வெகுநாளாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

"அர்த்தம் தெரியாதவருக்குத் துபாஷி உத்தியோகம் எதற்கு? இது சுத்தத் தமிழ், மகாராஜா. நின் கம்பு என்றால் தங்கள் செங்கோல். பூப் என்றால் பூத்தல். தங்கள் செங்கோல் பூக்கட்டும் என்று வாழ்த்தியிருக்கிறான்."

"அதெல்லாம் இல்லை," என்று ஜோசியர் எழுந்தார். "நிஷ்கம்ப பூபன். அசைக்க முடியாத அரசன். அப்பட்டமான சமஸ்கிருதம்."

இருவரும் குடுமியைப் பிடித்துக்கொள்ளாத குறை. அப்பன் பேர் தெரியாமல் கப்பலேறி வந்த சொல்லுக்கு அரை நாழிகையில் இரண்டு அப்பன் கிடைத்துவிட்டார்கள்.

ராஜாவுக்கு இரண்டுமே இனித்தன. "நாளைக்குத் துரையின் கூடாரத்துக்குப் போகும்போது இதுதான் நம் முதல் பட்டம். அதோடு இந்தத் துபாஷியைச் சீமையை விட்டு விரட்டுங்கள்."

ஆனையப்பர் கைகட்டி நின்றார். "போகிறேன், மகாராஜா. ஒரு வார்த்தை. வெளியிலிருந்து வரும் மாம்பழத்தைக்கூட ஒருவர் ருசி பார்க்காமல் தாங்கள் தொடுவதில்லை. இந்தப் பட்டமும் வெளியிலிருந்து வந்ததுதானே? முதலில் ஒருவர் சூடிப் பார்க்கட்டும்."

"நியாயம்தான். யார் சூடுவது?"

"முதலில் பொருள் கண்டவரைவிடத் தகுதி யாருக்கு?"

அகோரமூர்த்திக்கு வாயெல்லாம் பல். ராஜா தாம்பூலம் வைத்து, சபையறிய அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தார்.

மறுநாள் வித்துவானின் பல்லக்கு முன்னே போனது, ராஜாவின் பல்லக்கு பின்னே. துரையோடு பேச ஆள் வேண்டுமே என்று துபாஷியையும் அந்த ஒருநாளுக்கு நிறுத்திவைத்திருந்தார்கள். "நின்கம்பூப் அகோரமூர்த்தி, பராக் பராக்!" என்று கூவினான் கட்டியக்காரன். சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தான் திட்டியது வெளிப்பட்டுவிட்டதோ என்று வெளியே வந்த துரையின் முகம் முதலில் வெளுத்தது. வித்துவான் மார்பில் கைவைத்து "நானேதான்" என்று குனிந்ததும் அவனும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. மீசை துடித்தது, கை வாளுக்குப் போனது.

"துபாஷி, நேற்று அவன் நம்மையா அப்படிச் சொன்னான்?"

"சபையில் அத்தனை பேர் இருந்தார்கள், யாரைச் சொன்னானோ, மகாராஜா. இன்றைக்கு அந்தப் பட்டத்துக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். தங்கள் கையாலேயே கொடுத்தது. ஒரு பட்டத்தை இரண்டு பேர் சூடும் வழக்கம் நம் சீமையில் இல்லையே."

ராஜா அவரையே பார்த்தார். பிறகு கை வாளைவிட்டு இறங்கியது. தோளிலிருந்த சால்வையை எடுத்து ஆனையப்பருக்குப் போர்த்தி, "நீர் எங்கும் போக வேண்டாம்," என்றார்.

அதற்குள் விஷயம் தெரிந்த அகோரமூர்த்தி பல்லக்கிலிருந்து குதித்து ஓடிவந்து காலில் விழுந்தார். "மகாராஜா, இந்தப் பட்டம் எனக்கு வேண்டாம். தாங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."

"எடுத்து யாருக்குச் சூட்டச் சொல்கிறீர், வித்துவானே?" என்றார் ராஜா. "எனக்கா?"

வித்துவான் எழுந்து போய்ப் பல்லக்கில் ஏறிக்கொண்டார்.