கரடி தோண்டிய புற்று

ஒரு காட்டில் மொக்கையன் என்றொரு கரடி இருந்தது, குழந்தைகளே. எதைச் சொன்னாலும் கேலியாக்கிச் சிரிப்பது அதன் குணம். அதன் குகைக்கு மேலே நின்ற நெல்லி மரத்தில் சிட்டம்மா என்ற மந்தி குடியிருந்தது. அண்ணே, தாயி என்று அவ்வளவு பாசம் இரண்டுக்கும்.

மொக்கையனுக்குக் கறையான் புற்று என்றால் உயிர். விடிந்ததும் ஒரு புற்றைத் தோண்டும். மண்ணோடு காட்டு மஞ்சள் கிழங்கு வந்தால் காலால் தள்ளிவிடும். பிறகு மலைச்சாலைக்குப் போய், பயணிகள் வீசிய கருகிய வறுவல்களை நக்கும்.

"அண்ணே, இரண்டு நெல்லிக்காய் தின்னுங்கள். அந்த மஞ்சளையும் தள்ளாதீர்கள்" என்றது சிட்டம்மா.

"சீ! துவர்ப்பில் நாக்கு செத்துப்போகும்."

"காட்டு மருத்துவரின் சன்னலோரம் உட்கார்ந்து கேட்டேன், அண்ணே. உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அறைகளாம். கெட்டுப்போன அறை தானே இடிந்துவிட வேண்டுமாம். இடியாமல் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகினால் அதற்குப் பெயர் புற்று. காயும் கிழங்கும் அறைகளைக் கெடாமல் காக்கலாமாம்."

"காக்குமா, காக்கலாமா?"

"காக்கலாம். அவரும் அவ்வளவுதான் சொன்னார்."

"புற்று உள்ளேயே வளருமா! தோண்டுகிற வேலை மிச்சம், தாயி! படுத்துக்கொண்டே சாப்பிடுவேன்!"

சிட்டம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 'நான் சொன்னது வேறு புற்று' என்ற சொல் அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது.

மறுநாள் மொக்கையன் உடம்பெல்லாம் மண்ணாக வந்து நின்றது. "குகையைச் சுற்றியிருந்த ஒன்பது புற்றையும் தரைமட்டமாக்கிவிட்டேன். இனி எனக்கு எப்படிப் புற்று வரும்?"

அது கேலியா, நம்பிக்கையா? சிட்டம்மாவுக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டு மழைக்காலம் போனது. மொக்கையனின் கழுத்தில் ஒரு கட்டி எழுந்தது. சுண்டைக்காய் அளவில் இருந்தது, மாதத்துக்குள் விளாங்காய் அளவாயிற்று.

"வாருங்கள் அண்ணே, மருத்துவரிடம் போவோம்" என்று கெஞ்சியது சிட்டம்மா.

"எதற்கு? நீ சொன்ன மஞ்சள் இருக்கிறதே!"

"அது காவலுக்கு, அண்ணே. இதைக் கரைக்கும் என்று நான் சொல்லவே இல்லையே!"

மொக்கையன் கேட்கவில்லை. முன்பு தள்ளிவிட்ட கிழங்கையெல்லாம் தேடித் தேடித் தோண்டியது. துவர்ப்பென்று ஒதுக்கிய நெல்லிக்காயைக் கொட்டையோடு விழுங்கியது. கட்டி மட்டும் வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் மருத்துவரிடம் போகலாம் என்று மனம் வந்தபோது, எழுந்து நிற்கக் கால் வரவில்லை.

ஒரு காலையில் அது மெல்லக் கேட்டது: "அன்றைக்கே என்னைத் திட்டியிருக்கலாமே, தாயி?"

"வாயெடுத்தேன், அண்ணே. நீங்கள் சிரிக்கவைத்துவிட்டீர்கள்."

மொக்கையன் அதற்கும் சிரிக்கப் பார்த்தது. வலியில் சிரிப்பு பாதியில் நின்றது. பொழுது சாய்வதற்குள் மூச்சும் நின்றது.

விழுங்க முடியாமல் வாயோரம் ஒட்டியிருந்த மஞ்சளைச் சிட்டம்மா தன் கையால் துடைத்துவிட்டது.

நீதி: காவலாக நிற்கக்கூடியதை நலமாக இருக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும், நோய் முற்றிய பின் அதனிடம் மருந்தின் வேலையைக் கேட்கக் கூடாது.