தை வரைக்கும் படித்தவள்

மேற்கு மலைச் சோலை ஒன்றில் பொன்னலகி என்ற பெண் இருவாச்சிப் பறவை இருந்தாள். கணவாய்க்கு அப்பாலிருந்து பிழைக்க வந்த கூட்டத்தைச் சேர்ந்தவள். அவள் வாய் திறந்தாலே உள்ளூர்ப் பறவைகள் அது எந்த ஊர்ப் பேச்சு என்று கேட்டுச் சிரிக்கும்.

அங்கே ஒரு சோலைமந்தி பள்ளி நடத்தியது. எந்த மாதத்தில் எந்த மரம் பழுக்கும், அது எந்தச் சரிவில் நிற்கிறது என்பதே பாடம். அந்தந்த மாதத்து மரம் அந்தந்த மாதத்தில்தான் பாடம்; ஆடியில் தொடங்கி ஆனியில் முடியும். அவள் கூட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் சேராத அந்தப் பள்ளியில் பொன்னலகி சேர்ந்தாள். மார்கழிக்குள் அவளை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை.

தை பிறந்தது. முட்டையிடும் காலம். இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் மரப்பொந்துக்குள் போய்விடுவாள். அலகு நுழையும் இடுக்கை விட்டு வாசலை மண்ணால் அடைத்துவிடுவார்கள். உள்ளே அவள் சிறகுகளை உதிர்ப்பாள். ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டுவான். சுவரைப் பூசுவதும் பெரும்பாலும் அவளேதான், உள்ளிருந்து. புலவர்கள் இதைக் கற்பு என்று பாடுவார்கள். பசித்தவர்கள் வேறு பெயர் வைப்பார்கள்.

“நான் இருக்கும்போது உனக்கு மரக்கணக்கு எதற்கு?” என்றான் அவள் கணவன் கருஞ்சிறகன். அன்பாகத்தான் சொன்னான்.

பெண் பறவைகள் முன்னேற்றச் சபை அவளுக்குப் பாராட்டு விழா எடுத்தது. தலைவர் ஓர் ஆண் மயில். தோகை இருப்பவரைத்தானே மேடையில் உட்கார வைக்க முடியும்! பெண் கல்வியின் பெருமையை மயில் பொழுது சாயும்வரை பேசியது. வந்தவர்கள் அத்திப்பழத்தைத் தின்று தீர்த்தார்கள்.

பொன்னலகி ஒன்றே ஒன்று கேட்டாள். “ஐயா, இந்த ஒரு வருஷம் மட்டும் சுவர் வேண்டாம் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். படிப்பை முடித்துவிடுகிறேன்.”

“அது குடும்ப விஷயம் அம்மா. சபை அதில் தலையிடாது” என்றது மயில்.

அவள் பொந்துக்குள் போனாள். பூசினாள்.

கருஞ்சிறகன் தவறாமல் பழம் கொண்டுவந்தான். முட்டை பொரிந்து ஒரு குஞ்சும் வந்தது. பங்குனியில் ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பக்கத்துக் கிளை மலையணில்தான் வந்து சொன்னது, அவன் வேடன் வலையில் விழுந்துவிட்டான் என்று.

அழ நேரமில்லை. குஞ்சு வாயைத் திறந்தபடி இருந்தது. பொன்னலகி சுவரைக் கொத்தி உடைத்து வெளியே தலை நீட்டினாள். சிறகு இன்னும் முளைத்திருக்கவில்லை. கிளை கிளையாகத் தத்தியாவது போகலாம். ஆனால் எங்கே? ஆடிக்கு என்ன மரம், ஐப்பசிக்கு என்ன மரம், எல்லாம் மனப்பாடம். அவள் படித்தது தை வரைக்கும்.

“அண்ணே, பங்குனியில் எது பழுக்கும்?” என்று அணிலைக் கேட்டாள்.

“நான் தின்கிற மரம்தான் எனக்குத் தெரியும் தங்கச்சி. அது ஆற்றுக்கு அக்கரையில். நீ தத்திப் போகிற தூரமில்லை.”

அணில் அன்றைக்குக் கொஞ்சம் பழம் கொண்டுவந்து கொடுத்தது. மறுநாள் அதன் வீட்டில் சண்டை, வரவில்லை. பங்குனி மரம் எது என்று பொன்னலகி எதிர்ச் சரிவிலிருந்த பள்ளியைப் பார்த்துக் கத்திக் கேட்டாள். பாதியில் நின்றவர்கள் வரும் ஆடியில் புதிதாகச் சேரலாம் என்று மந்தி மிகவும் மரியாதையாகப் பதில் அனுப்பியது.

அந்தி சாயும்போது குஞ்சின் சத்தம் நின்றது. அதன்மேல் போர்த்த, உதிர்ந்து கிடந்த தன் சிறகுகளை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

பெண்ணின் படிப்பைப் பாதியில் நிறுத்தும் ஊர், அவள் பசிக்குப் பொறுப்பேற்க ஒருநாளும் வராது.